சிற்றூர் வாக்குகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகே, டிக்ஸ்வில் நாட்ச் என்ற மிகச் சிறிய மலையூர் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு முதல், அதிபர் தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே இவ்வூர் மக்கள் வாக்களித்து முடித்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் வாக்குகள் எண்ணப்பட்டு, பெயருக்கு எதிரே எண்கள் பலகையில் எழுதப்படுகின்றன. பொழுது விடிவதற்குள் அந்த எண்கள் உலகச் செய்தியாகிவிடுகின்றன. சிற்றூர் ஒன்றின் தேர்தல் புள்ளிவிவரத்தை எப்படியெல்லாம் தவறாகப் படிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த முடிவை நாட்டின் முடிவுக்கு முன்னறிவிப்பாகக் கொள்வது முதல் தவறு. 1960இல் நிக்சனுக்கு 9 வாக்குகள் விழுந்தன, கென்னடிக்கு ஒன்றுகூட விழவில்லை, அதிபரானவர் கென்னடி. 1968இல் ஹம்ஃப்ரி 8, நிக்சன் 4, அதிபரானவர் நிக்சன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதைவிட நுட்பமானதும் படித்தவர்களே அதிகம் செய்வதுமான தவறு, சிறிய எண்களைச் சதவீதமாக மாற்றிவிட்டு அதில் மனமாற்றத்தைத் தேடுவது. 2008இல் ஒபாமா இங்கே 15 வாக்குகளும் மெக்கெய்ன் 6 வாக்குகளும் பெற்றனர். 2012இல் ஒபாமாவும் ராம்னியும் ஆளுக்கு 5 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். ஒபாமாவின் ஆதரவு 71 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகச் சரிந்தது என்று எழுதினால் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் வாக்களித்தவர்கள் 21 பேரிலிருந்து 10 பேராகக் குறைந்துவிட்டார்கள் என்பது அதில் மறைந்துபோகும். ஊரின் பிழைப்புக்கு ஆதாரமாக இருந்த பால்சம்ஸ் என்ற பெரிய விடுதி 2011இல் மூடப்பட்டது. வேலை போனால் ஆட்களும் போவார்கள். இருந்தவர்கள் மனம் மாறினார்களா, அல்லது ஒரு பக்கத்துக்கு வாக்களித்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்களா என்பதை அந்த இரண்டு சதவீதங்களை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சுரங்கமோ ஆலையோ மூடப்பட்ட எந்த ஊருக்கும் இது பொருந்தும் என்பதால், வாக்குகளை ஒப்பிடுமுன் மக்கள்தொகையை ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

வாக்காளராகப் பதியும்போது ஒருவர் குறிப்பிடும் கட்சியை அவரது வாக்காகவே எடுத்துக்கொள்வது மற்றொரு தவறு. 2024இல் டிக்ஸ்வில் நாட்ச்சின் ஆறு வாக்காளர்களில் நால்வர் குடியரசுக் கட்சியினராகப் பதிந்தவர்கள், இருவர் எந்தக் கட்சியையும் குறிப்பிடாதவர்கள். ஆனால் முடிவு ஹாரிஸ் 3, டிரம்ப் 3. அதாவது, பதிந்த குடியரசுக் கட்சியினரில் குறைந்தது ஒருவராவது டிரம்புக்கு வாக்களிக்கவில்லை. அவர் யார் என்று ஊகிக்க இறங்கக் கூடாது. 2020இல் ஐந்து வாக்குகளும் பைடனுக்கே விழுந்தபோது, ஐவரின் வாக்கும் ஊரறிந்ததாகிவிட்டது; சிற்றூரில் வாக்கின் இரகசியம் அவ்வளவு மெல்லியது.

வாக்குப்பதிவு விகிதத்துக்கு வருவோம். டிக்ஸ்வில் நாட்ச்சில் எப்போதும் 100 சதவீத வாக்குப்பதிவு என்று வியந்து எழுதுகிறார்கள். நூறு பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர், நள்ளிரவில் சாவடியைத் திறந்து, பதிவுசெய்த அனைவரும் வாக்களித்தவுடன் மூடிவிட மாநிலச் சட்டம் இடம் தருகிறது. எல்லோரும் வாக்களித்ததால்தான் சாவடி மூடப்படுகிறது. ஆகவே அந்த 100 சதவீதம் விதியோடு சேர்ந்தே வருவது.

விகிதம் எதுவானாலும், வாக்களித்தவர்களின் எண்ணிக்கையை எதனால் வகுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தேர்தல் ஆணையமே வாக்காளர் பட்டியல் தயாரிப்பதால், பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுப்பதே நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் பெரும்பாலும் தன் பெயரைப் பதிவுசெய்வது வாக்காளரின் பொறுப்பு. வடக்கு டகோட்டாவில் பதிவே கிடையாது. இடம் மாறியவர்களின் பெயர்கள் பல மாநிலங்களில் சில ஆண்டுகள் பட்டியலில் நீடிப்பதால், விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். எனவே வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுப்பதே ஒப்பீட்டுக்கு நம்பகமானது. அப்போதும் அதிபர் தேர்தலை அதிபர் தேர்தலோடுதான் ஒப்பிட வேண்டும்: நாடு முழுவதும் அதிபர் பதவிக்குப் போட்டியில்லாத 2014 இடைக்காலத் தேர்தலில் சுமார் 37 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு, 2020 அதிபர் தேர்தலில் சுமார் 66 சதவீதமாக இருந்தது. இதை அக்கறையின்மை நீங்கியதற்குச் சான்றாகக் காட்டுவது பிழை.

ஊரில் வசிப்பவர்கள் எல்லோரையும் வாக்காளர்களாக எண்ணுவதும் பிழைதான். அயோவா மாநிலத்தின் அனமோசா என்ற ஊரில் ஒரு பெரிய சிறைச்சாலை இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைதிகளையும் அங்கு வசிப்பவர்களாகவே எண்ணியதால், ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட ஒரு வார்டில் 1,300 பேர் வாக்குரிமை இல்லாத கைதிகளாக இருந்தார்கள். 2005 நகர்மன்றத் தேர்தலில் அந்த வார்டுக்கு வேட்பாளரே நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் ஒருவரின் பெயரை அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதிப் போட்டார்கள். அந்த இரண்டு வாக்குகளில் அவர் உறுப்பினரானார். அதன்பின் அவ்வூர், வார்டு வாரியாக அல்லாமல் ஊர் முழுவதும் சேர்ந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது.