நன்றாகப் படிக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன வாங்குவது?

13 வயதிலேயே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் முடித்துவிட்ட பிள்ளைக்கு, அதைவிடத் தடிமனான புத்தகமாகத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மொழி புரிகிறது என்பதாலேயே உள்ளே இருக்கும் எல்லா விஷயமும் அந்த வயதுக்குச் சரி என்று ஆகிவிடாது, அதனால் வாங்கும் முன் நடுவிலிருந்து ஒரு 20 பக்கமாவது நீங்கள் படித்துப் பாருங்கள்.

கதையே வேண்டும் என்றில்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' கொடுக்கலாம். தமிழ் படிக்க ஆசிரியரைத் தேடி அலைந்து, பதின்வயதில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்த பையனின் கதை அதில் இருக்கிறது, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது நெருக்கமாகவே இருக்கும். அப்புறம் தியடோர் பாஸ்கரனின் கானுயிர்க் கட்டுரைகள், ஒவ்வொன்றும் சிறியது. பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிடட்டும், முடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.