உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கான ஸ்டார்ட்அப்: சென்னையில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், இந்தப் பக்கம் கிண்டி, மணப்பாக்கம், அம்பத்தூர் வரையிலும் நாளெல்லாம் நாற்காலியில் கழிப்பவர்கள் நிறைந்திருக்கிறார்கள். கழுத்து வலி, இடுப்பு வலி, விரல் மரத்துப்போதல் என்று ஆளுக்கொரு தொல்லை. இவ்வளவு வலி இருக்கும் ஊரில் அதற்கொரு கருவியோ செயலியோ செய்தால் தானாக விற்கும் என்று நம்பிப் பலர் இறங்குகிறார்கள். வலி உண்மைதான். அந்த வலிக்கு எது உதவும், அதற்குக் குறுக்கே எது நிற்கிறது என்று பார்க்காமல் பொருளைச் செய்து முடித்துவிடுவதில்தான் பிசகு தொடங்குகிறது.

கூனை நிமிர்த்துவதே தீர்வு என்று நினைப்பது

தொண்ணூறு டிகிரியில் நிமிர்ந்து உட்காருவதே சரி, மற்றதெல்லாம் தவறு என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. எந்த நிலையில் உட்கார்ந்தாலும் அசையாமல் மணிக்கணக்கில் இருந்தால் தசை களைத்து வலிக்கும். நிமிர்ந்தே விறைப்பாக இருப்பவருக்கும் வலிக்கும்.

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளில் ஒரு படம் தவறாமல் வரும்: தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று. அது 2014-இல் வெளியான ஒரு கட்டுரையின் கணக்கு. கணினி மாதிரியில் போட்ட கணக்கே தவிர, நோயாளிகளைப் பின்தொடர்ந்து கண்டறிந்தது அல்ல. அதன்மேல் நிறுவனத்தைக் கட்டினால், விஷயம் தெரிந்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

இதைவிடப் பிடிமானமான ஆதாரம் உடற்பயிற்சிக்கு இருக்கிறது. 2011-இல் டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலகப் பணியாளர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் நாளுக்கு 2 நிமிடம், இன்னொரு பிரிவினர் 12 நிமிடம், வாரம் ஐந்து நாள், பத்து வாரம் ரப்பர் டியூபை இழுத்துத் தோள் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரு பிரிவிலும் வலி குறைந்தது. 2 நிமிடத்துக்கும் 12 நிமிடத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சில நூறு ரூபாய் ரப்பர் பட்டை ஒன்றும், அதை ஐம்பது பேர் தினமும் விடாமல் இழுக்க வைக்கும் ஏற்பாடும் ஒரு தொழிலாக முடியும். விடாமல் செய்ய வைப்பதில்தான் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. உங்கள் மூளையைச் செலவிட வேண்டிய இடமும் அதுதான்.

கருவியை முதலில் செய்துவிட்டு ஆளைப் பிறகு தேடுவது

மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில், அசைவையும் சாய்வையும் அளக்கும் ஒரு முடுக்கமானி போர்டு, ஒரு அதிர்வு மோட்டார், ஒரு புளூடூத் மாட்யூல், ஒரு லித்தியம் செல் வாங்கிவந்தால் ஒரே வாரத்தில் முதுகில் ஒட்டும் கருவி தயாராகிவிடும். இந்த எளிமைதான் ஆளை ஏமாற்றுகிறது.

முதுகில் ஒட்டிய ஒற்றை சென்சார், தான் ஒட்டியிருக்கும் இடத்தின் சாய்வை மட்டும் சொல்லும். முதுகு வளைந்ததா, இடுப்பிலிருந்து முழு உடம்பும் முன்னால் சாய்ந்ததா என்று அதற்குத் தெரியாது. தலை முன்னே நீண்டிருப்பதும் தெரியாது. இவற்றைப் பிரித்தறியக் குறைந்தது இரண்டு சென்சார் வேண்டும். இரண்டு ஒட்டிக்கொள்ளச் சொன்னால் யாரும் அணிய மாட்டார்கள்.

அடுத்தது வியர்வை. பைக்கில் வந்து இறங்குபவரின் முதுகில் ஒட்டிய பிசின் பட்டை ஏசி அறைக்குள் போகும் முன்பே நழுவிவிடும். நழுவினால் காலையில் பதிந்த தொடக்கக் கோணம் பொய்யாகி, நேராக இருப்பவரையும் நாள் முழுக்க அதிர்வு தொல்லை செய்யும். காலரில் மாட்டும் கிளிப் சட்டைக்குப் பொருந்தும். புடவைக்கும் துப்பட்டாவுக்கும் பொருந்தாது. அதிர்வு எப்போது வர வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. குனிந்த ஐந்தாவது நொடியே அதிர்ந்தால் இரண்டாம் நாளே கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிடுவார்கள். அரை மணி நேரமாக அசைவே இல்லாதபோது ஒருமுறை அதிர்ந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் சென்னை அலுவலகங்களில் இன்னொரு தடை இருக்கிறது. வங்கி, காப்பீட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை நடக்கும் ஓடிசி தளங்கள் (ஒரே வாடிக்கையாளருக்காகப் பூட்டிய தனிப் பணித்தளங்கள்) பலவற்றில் செல்போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புளூடூத், யுஎஸ்பி கூடாது. கணினியில் புதிய மென்பொருள் ஏற்ற ஐடி பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். வெப்கேமராவால் உட்காரும் விதத்தைப் பார்க்கும் செயலி என்றால் பேச்சே கிடையாது. போன் இல்லாத தளத்தில் உங்கள் பொருள் எப்படி வேலை செய்யும் என்பதற்கு முதல் நாளே விடை வேண்டும். சுவரில் ஒரு தாள், குழுத் தலைவர் ஒருவர், ரப்பர் பட்டை ஒன்று என்ற அளவிலாவது.

அப்படியும் கருவிதான் என்றால், லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். புளூடூத் உள்ள பொருளுக்குத் தொலைத்தொடர்புத் துறையில் அலைக்கற்றையைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவிடம் இடிஏ எனும் கருவி ஒப்புதல் பெற வேண்டும். பரிசோதனை அறிக்கை உள்ள மாட்யூலைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.

உயரக் கணக்கு போடாமல் நாற்காலி விற்பது

நாற்காலி, மேசை பக்கம் போகிறவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

150 செ.மீ. உயரமுள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை ஏறத்தாழ 38 செ.மீ. உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து முழங்கை 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதாவது பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் அவர் முழங்கை தரையிலிருந்து 58 செ.மீ. அலுவலக மேசையோ 73 முதல் 75 செ.மீ. இடையில் 15 செ.மீ. தொங்குகிறது. அவர் தோளை உயர்த்தித் தட்டச்சு செய்வார்; மாலையில் கழுத்தும் தோளும் வலிக்கும். இல்லையென்றால் நாற்காலியை ஏற்றுவார். கால் அந்தரத்தில் தொங்கும், இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும். இவரிடம் போய் நிமிர்ந்து உட்காருங்கள் என்று சொல்வதில் நியாயமே இல்லை.

165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கும் முழங்கை 64, 65 செ.மீ. அளவில்தான் வரும். அவருக்கும் அந்த மேசை உயரம் அதிகமே.

எனவே மேசைக்கு அடியில் 7, 8 செ.மீ. கீழே இறங்கும் கீபோர்டு தட்டு, மீதி 7, 8 செ.மீ.க்குக் கால்பலகை என்று பிரித்துத் தீர்ப்பதே மலிவான வழி. கால்பலகைக்கு வெளிநாட்டு மாதிரி தேவையில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் பிளைவுட்டும் ரப்பர் தாளும் வைத்துச் செய்து தர ஆள் இருக்கிறார்கள். 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், செருப்பைக் கழற்றி வைத்தாலும் வழுக்காத மேற்பரப்பு, இவ்வளவு போதும். தட்டு பொருத்துமுன் தொடைக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். உட்கார்ந்த தொடையின் தடிமன் ஏறத்தாழ 13 செ.மீ. தட்டின் அடிப்பாகம் அதற்கு மேலேயே நிற்க வேண்டும்.

நாற்காலி வாங்கும்போது விற்பனையாளர் எவ்வளவு உயரும் என்றுதான் சொல்வார். எவ்வளவு இறங்கும் என்று நீங்கள் கேளுங்கள். சந்தையில் கிடைக்கும் பல நாற்காலிகள் 43, 45 செ.மீ.க்குக் கீழே இறங்காது. இருக்கையை ஏற்றி இறக்கும் தண்டு (கேஸ் லிஃப்ட்) குட்டையாக உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். இருக்கையின் ஆழமும் முக்கியம். முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் இடையே மூன்று, நான்கு விரல் புக வேண்டும். 48 செ.மீ. ஆழமுள்ள இருக்கையில் சிறிய உடம்புக்காரர் நுனியில்தான் உட்கார முடியும். அப்போது முதுகுத் தாங்கிக்குக் கொடுத்த காசு அத்தனையும் வீண்.

உயரம் மாறும் மேசையிலும் இதே பொறி உண்டு. இரண்டடுக்குக் கால் உள்ளவை பொதுவாக 70 செ.மீ. அளவில் நின்றுவிடும், மூன்றடுக்குக் கால் உள்ளவையே 60-ஐ நெருங்கும். நிற்க மட்டும் உதவி, உட்காரும்போது பழைய வலியையே தரும் மேசையை இரட்டை விலையில் விற்றுவிடாதீர்கள். நாள் முழுக்க நிற்பதும் காலையும் இடுப்பையும் வாட்டும். (நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு இடத்தை அடைக்காத மடக்கு இருக்கை செய்வது தனியாக ஒரு நல்ல தொழில்.)

மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டி தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒன்றாக உள்ள புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்குவார். அவருக்குத் திரையைக் கீழே இறக்க வேண்டும்.

இப்போது பல அலுவலகங்களில் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. இன்று சரிசெய்து கொடுத்த நாற்காலியில் நாளை வேறொருவர். ஆகவே இடத்தை அளக்காதீர்கள், ஆளை அளங்கள். இருக்கை உயரம், கால்பலகை வேண்டுமா, திரை உயரம் ஆகிய மூன்று எண்களைச் சிறிய அட்டையில் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக் கொடுத்தால், எந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாலும் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்வார். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்கும் அதே எண்கள்தான். பிளாஸ்டிக் நாற்காலி, சாப்பாட்டு மேசை, கட்டில் என்று வேலை செய்பவருக்கு ஒரு மணைப்பலகை, தனி கீபோர்டு, மவுஸ், லேப்டாப்பின் அடியில் நான்கு புத்தகம் போதும்.

எழுந்திருக்க உரிமை இல்லாதவரை எழச் சொல்வது

கால் சென்டரில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. ஒன்பது மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்பது பல இடங்களில் வழக்கம். சீட்டை விட்டு எழுந்தால் காரணத்தைப் பதியும் ஆக்ஸ் கோடு போட வேண்டும். அது மாத மதிப்பெண்ணில் விழும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று திரையில் நினைவூட்டல் காட்டினால் அந்த ஊழியருக்கு எரிச்சலும் குற்ற உணர்வும்தான் மிஞ்சும்.

இதை ஊழியரிடம் பேசித் தீர்க்க முடியாது. ஆபரேஷன்ஸ் தலைவரிடம் கணக்கோடு போங்கள். நூறு பேருக்கு ஷிஃப்டில் இரண்டு முறை, தலா இரண்டு நிமிடம் தந்தால் மொத்தம் 400 நிமிடம், அதாவது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. நூறு பேர் குழுவில் ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே இதைவிட அதிக நேரம் போய்விடுகிறது. இந்த இரண்டு நிமிடத்துக்குத் தனி கோடு, அது யாருடைய மதிப்பெண்ணையும் தொடாது என்று எழுத்தில் வாங்கிய பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஹெட்செட் வயர் நீளமாக இருந்தால் பேசிக்கொண்டே நிற்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஒப்பீடு இல்லாமல் வெற்றி கொண்டாடுவது

வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் உங்களிடம் பெயர் கொடுப்பார்கள். புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் எட்டாவது வாரம் கேட்டாலும் குறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எனவே ஆறாவது மாடியில் இப்போது தொடங்குங்கள். ஏழாவது மாடிக்கு எட்டு வாரம் கழித்துத் தருவதாகச் சொல்லி, இரு மாடியிலும் ஒரே நாளில் அளவெடுங்கள். எந்த இடத்தில் வலி என்பதற்கு, உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துக் கேட்கும் 1987-ஆம் ஆண்டின் நார்டிக் வினாத்தாள் இருக்கிறது. வலியின் அளவுக்கு 0 முதல் 10 வரை எண். இரண்டு புள்ளிக்குக் குறைவான மாற்றத்தைப் பெரிதாகப் பேச வேண்டாம். நடுவில் விட்டுப்போனவர்களையும் கணக்கில் சேருங்கள். அவர்களை நீக்கிவிட்டுப் போடும் சராசரி பொய்.

கால் பலமிழப்பு, சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, தொடை இடுக்கில் உணர்விழப்பு, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கேள்விகள் முதல் படிவத்திலேயே இருக்கட்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பெயருக்கு ஆலோசகராக வைக்காமல், தொடக்கத்திலேயே பங்குதாரராகச் சேர்ப்பது இதற்காகத்தான்.

சொல்லும் வாக்குறுதியும் சேர்க்கும் தகவலும்

நோயைக் கண்டறியும், குணப்படுத்தும் என்று எழுதிவிட்டால் உங்கள் கருவியோ மென்பொருளோ 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வந்துவிடும். உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டும். ஊழியரின் வலி விவரம் நிறுவனத்துக்குப் போகிறது என்ற சந்தேகம் எழுந்தாலே யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் சராசரியைக்கூட நிறுவனத்திடம் காட்டாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெரிய வளாகத்திலேயே தொடங்குவது

பெரிய நிறுவனத்தில் நாற்காலி வாங்குவது நிர்வாகப் பிரிவு, பயிற்சிக்குப் பணம் தருவது மனிதவளப் பிரிவு, அனுமதிப்பது ஆபரேஷன்ஸ். மூவரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீடு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிவாகிவிடுவதால், மே மாதம் போய் நின்றால் இலவசமாகச் செய்து காட்டுங்கள் என்பார்கள். மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இருபது, முப்பது இருக்கை உள்ள ஆடிட்டர் அலுவலகத்தில் முதலாளி அதே அறையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கழுத்து வலிக்கும். ஒரே வாரத்தில் முடிவு சொல்வார். அங்கே தொடங்குங்கள். ஜூலை முதல் வரித்தாக்கல் நெருக்கடி முடியும் வரை மட்டும் போகாதீர்கள்.

எந்த முன்னோட்டமும் கட்டணத்தோடு, பன்னிரண்டு வாரத்துக்கு, எந்த அளவு எட்டினால் தொடர்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்டதாக இருக்கட்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். முதல் பில் போடுமுன் செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. ஆனால் ஜிஎஸ்டியை வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதமே நீங்கள் கட்டியாக வேண்டும். ஆகவே கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கேளுங்கள்.