தை மாசக் கலியாணமும் ஸ்னோவும்: பொம்பிளை மாப்பிளையை வெளியிலை படம் எடுக்கிறது எப்பிடி

மார்கழியிலை எங்கட ஆக்கள் கலியாணம் வைக்க மாட்டினம், தை பிறந்த உடனை நாள் பாப்பினம், ஊரிலை அது சரி, ஆனா இஞ்சை ரொரன்ரோவிலை உச்சக் குளிர் அப்பதான். தாலி கட்டி எல்லாம் முடிய "அண்ணா, வெளியிலை ஸ்னோவுக்கை ஒரு ரெண்டே ரெண்டு படம்" எண்டு பொம்பிளை கேப்பா. கேக்காத பொம்பிளையை நான் இன்னும் காணேல்லை.

முதல்லை கமரா விசயம். உள்ளுக்கை இருக்கிற, வெளிச்சம் அளக்கிற மீற்றர், முன்னுக்கு நிக்கிற எல்லாத்தையும் நடுத்தரச் சாம்பல் எண்டு நினைச்சுத்தான் கணக்குப் போடும், அதாலை முழு வெள்ளையைக் கண்ட உடனை வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு குறைச்சுவிடும், ஸ்னோ தோய்க்காத வேட்டி மாதிரி மங்கிப்போகும், முகமெல்லாம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை, அதாவது கமரா போட்ட கணக்கிலை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செற்றிங்கை, +1 இலை இருந்து +2 க்குள்ளை ஏத்துங்கோ. எனக்கெண்டா எல்லாத்தையும் கையாலை வைக்கிற மனுவல்தான் விருப்பம், கிட்டப்போய் பொம்பிளையின்ரை கன்னம் மட்டும் பிறேமுக்கை வாற மாதிரி மீற்றர் பாத்து, அதை அப்பிடியே பூட்டிப்போட்டு பின்னுக்கு வந்து எடுப்பன். எங்கட மண்ணிறத் தோல் அந்த நடுத்தரச் சாம்பலுக்கு ஓரளவு கிட்டத்தான், அதாலை இந்த வழி பெரிசாப் பிழைக்காது. பின்பக்க ஸ்கிறீனைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, சுத்திவர வெள்ளை அடிக்கேக்கை எந்தப் படமும் இருட்டாத்தான் தெரியும், ஹிஸ்ரோகிராமைப் பாருங்கோ, இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் எண்டு காட்டுற வரைபடம் அது, மேடு வலது பக்கம் கிட்டப் போகலாம், ஆனா சுவரிலை முட்டக்கூடாது. கட்டாயம் றோவிலை (RAW, கமரா சுருக்காமல் சேமிக்கிற மூலப் படம்) எடுங்கோ, பிறகு திருத்தலாம்.

நிழலுக்கை ஸ்னோ நீலமாத்தான் விழும், வானத்தின்ரை நிறம் அது. வைற் பலன்ஸை, அதாவது படத்தின்ரை நிறச் சூட்டை, 6500 கெல்வின் பக்கம் கொண்டுபோனா சரிவரும், அதுக்கு மேலை சூடாக்கினா நாய் போன இடம் மாதிரி மஞ்சளாப் போயிடும், கவனம். முகில் மூடின நாள் எண்டா சந்தோசப்படுங்கோ, ஏனெண்டா நிலத்து ஸ்னோவே கீழை இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், நாடிக்குக் கீழை, கண்ணுக்குக் கீழை இருக்கிற நிழலெல்லாம் சும்மாவே போயிடும்.

ஆனா உண்மையிலை படத்தைக் கெடுக்கிறது செற்றிங் இல்லை, விறைப்புத்தான். குளிர்காத்தோடை சேந்து -28 க்குக் கீழை போனா மூடாத தோல் 10 இலை இருந்து 30 நிமிசத்துக்குள்ளை உறையலாம் எண்டு கனடா சுற்றாடல் திணைக்களம் சொல்லுது, அதுக்கு எவ்வளவோ முதலே முகத்திலை சிரிப்பு செத்துப்போம். பொம்பிளை மாப்பிளை கார் ஹீற்றருக்கை இருக்கட்டும், உங்களோடை வந்த பெடியனை நிப்பாட்டி இடம், வெளிச்சம், போக்கஸ் எல்லாம் சரிபாத்த பிறகுதான் அவையைக் கூப்பிடோணும். ஒரு தரத்துக்கு அஞ்சு நிமிசம், பிறகு திரும்பக் காருக்கை.

கூறைக்குள்ளை தேர்மல் போடச் சொல்லி முதல் நாளே சொல்லிவிடுங்கோ, சப்பாத்து பூட்ஸாவே இருக்கட்டும், கரை மூடிவிடும். பார்க்கிங் லொட்டிலைதான் ஆபத்து, அங்கை கொட்டியிருக்கிற உப்புத் தண்ணி பட்டுச்சேலைக் கரையிலை பட்டுக் காய்ஞ்சா வெள்ளை வெள்ளையாக் கோடு விழும், தோழிமார் ரெண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு வரட்டும். அட்டியல் குளிர்ந்து கழுத்திலை ஐஸ் மாதிரி ஒட்டும், பூமாலை உறைஞ்சு உள்ளை வந்தாப்பிறகு கறுக்கும், எண்டபடியா மாலைப் படத்தை முதல் அஞ்சு நிமிசத்துக்குள்ளை முடியுங்கோ. மாப்பிளைக்குத் தலைப்பா இருக்கிறதாலை காதாவது தப்பும்.

இடம் எண்டா ஸ்காபரோவிலை புளபர்ஸ் பார்க் வடிவுதான், பின்னுக்கு அந்தப் பெரிய மண்பாறை, ஆனா ஒன்ராறியோ வாவிக் காத்து சேலையைப் பறிக்கும், மறைவாப் பாத்து நிப்பாட்டுங்கோ. சிற்றி பார்க்குகளிலை கலியாணப் படத்துக்கு பெர்மிற் வேணும், மறக்காதேங்கோ. தூரத்துப் படத்தை முதல் எடுங்கோ, ஒருத்தரும் மிதிக்காத ஸ்னோ ஒருக்காத்தான் கிடைக்கும், சின்னப் பிள்ளையள் ஓடிட்டா அவ்வளவுதான். ஜனவரி நடுப்பகுதியிலை பின்னேரம் 5 மணி தாண்டின கையோடை சூரியன் விழுந்திடும், சடங்கு இழுபட்டா வெளிச்சம் இல்லை.

ஸ்னோ கொட்டேக்கை எடுக்கிறதெண்டா ஷட்டர் 1/500 இலை பொட்டுப் பொட்டா நிக்கும், 1/60 பக்கம் இறக்கினா கோடு கோடா விழும். கமராவுக்கு மேலை பிளாஷ் போட்டா கிட்டத்திலை விழுற ஸ்னோ பெரிய வெள்ளை உருண்டையா முகத்தை மறைக்கும். பிளாஷை அவைக்குப் பின்னாலை, இடுப்பு உயரத்திலை, உங்களைப் பாக்க வையுங்கோ, ஒவ்வொரு துகளும் மின்னும், சேலைச் சரிகைக் கரையிலையும் ஒரு கோடு வெளிச்சம் பிடிக்கும். ஓட்டோபோக்கஸ் விழுற ஸ்னோவைப் பிடிக்கப் பாக்கும், ஒற்றைப் புள்ளியைக் கண்ணிலை வையுங்கோ.

பற்றரி குளிரிலை சட்டெண்டு இறங்கும், செத்துப்போச்செண்டு எறியாதேங்கோ, உள் பொக்கற்றிலை வைச்சு சூடாக்கினா கொஞ்சம் திரும்பி வரும், நான் மூண்டு கொண்டு போறனான்.

கடைசியா, குளிர்ந்த கமராவிலை உள்ளைச் சூட்டுக் காத்து பட்டா நீர் படியும், அதாலை மண்டபத்துக்குள்ளை போக முதல் கமராவை சிப் பையுக்கை போட்டுக் காத்தை எடுத்து மூடுங்கோ, உள்ளை ஒரு மணித்தியாலம் எண்டாலும் அப்பிடியே விடுங்கோ, நனையிறதெண்டா பைதான் நனையும். கார்ட்டை வெளியிலையே கழட்டி எடுத்திடுங்கோ. உள்ளை எடுக்க வேறை கமரா ஒண்டு உள்ளையே இருக்கோணும். முதல் வருசம் எனக்கு இது ஒண்டும் தெரியாது, வெளியிலை இருந்து நேரை கேக் வெட்டுக்கு ஓடினன், லென்ஸ் புகாராப் போச்சு, துடைக்கத் துடைக்கத் திரும்ப மூடுது, அவை கேக்கை வெட்டி ஊட்டியும் முடிஞ்சுது. அந்த அல்பத்திலை இருக்கிற கேக் படம் பொம்பிளையின்ரை சித்தப்பா போனிலை எடுத்தது.