மஞ்சித் தூள் சலிக்கும் உருளைச் சல்லடையை ஓட்டும் முறை

கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் உள்ள மஞ்சி (தேங்காய் நார்) மில்களில், தேங்காய் மட்டையை அடிக்கும்போது நாரோடு கலந்து விழும் தூளைப் பிரிக்க உருளைச் சல்லடை சுழல்வதைக் காணலாம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் சகிரிச்சோறு எனப்படும் இத்தூள் வலைக்கண் வழியே கீழே விழ, குறுநாரும் மட்டைத் துண்டும் உருளையின் வால்பக்கமாக வெளியேற வேண்டும்.

சலிப்பதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடித் தூளை இறுகப் பிடித்து விரல்களை விரித்தால் அது தானாக உதிர வேண்டும். பிடித்த வடிவிலேயே நின்றால் இன்னும் ஒரு வெயில் களத்தில் காயட்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் காற்று ஏறும் நாட்களில், காலையில் காய்ந்திருந்த தூளும் மாலைக்குள் ஈரம் இழுத்துவிடும் என்பதால், உருளையில் போடும் நேரத்தில் மறுபடி பிடித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வேகம். ஒரு வரம்பைத் தாண்டினால் தூள் வலையோடு ஒட்டிச் சுற்றுமே தவிரப் புரளாது. மீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால் அந்த வரம்பு கிடைக்கும், 1.2 மீட்டர் விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு 38 சுற்றுக்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் பாதியைத் தாண்டாமலும், அதாவது 13 முதல் 19 சுற்றுக்குள் ஓட்டலாம். என் முதல் உருளையை 30 சுற்றில் பூட்டித் தந்திருந்தார்கள். பாதித் தூள் நாரோடு வால்பக்கம் போவதைக் கண்டு, வலையைக் குறைசொல்லி இரண்டு முறை மாற்றினேன். விளிம்பில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து ஒரு நிமிடம் எண்ணிய பிறகே குற்றம் மோட்டார் புல்லியில் என்று தெரிந்தது. பாதி அளவுப் புல்லி போட்டதும் சரியாயிற்று.

சாய்வு 3 முதல் 5 பாகை போதும். 10 அடி நீள உருளைக்கு 4 பாகை என்பது ஏறத்தாழ எட்டரை அங்குல இறக்கம். தூள் மிஞ்சி வெளியேறினால் சாய்வைக் குறைக்க வேண்டும்.

கல், மண் சலிப்பவர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்று நமக்கு உண்டு: குறுநார் வலைக்கண்ணில் ஊசி கோத்ததுபோல் நுழைந்து, அதன்மேல் தூள் படிந்து அடைத்துவிடும். உருளையின் மேற்புறத்தில், வெளியே, வலையைத் தொட்டபடி நைலான் பிரஷ் ஒன்றை நீளவாக்கில் பொருத்தினால் நார் உள்ளே தள்ளப்பட்டு உதிரும். தாங்கு சக்கரங்களில் சுற்றும் நாரை எடுக்கும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பியூஸையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் உருளைக்குக் கிழக்கே ஆளை நிறுத்தக் கூடாது.