தெருப்பூனைக்கு வைத்தியம்: டாக்டரைத் தேடும் முன் கூடையைத் தேடுங்கள்

தெருப்பூனைக்கு உடம்பு சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த டாக்டர்?" என்றுதான். மதுரையில் டாக்டர் கிடைப்பது பெரிய பாடு இல்லை. பூனையை எப்படிப் பிடிப்பது, காட்டி முடித்தபின் எங்கே வைத்திருப்பது, இந்த இரண்டும்தான் பாடு. இதற்கு வழி செய்யாமல் டாக்டரைத் தேடுவது வீண் அலைச்சல். எனக்குச் செல்லூரில் தையல் கடை. பின்சந்தில் திரியும் பூனைகள் எல்லாம் என் பொறுப்பு என்று தெருவே முடிவு செய்துவிட்டது. "ஏன்த்தா, தெருப்பூனைக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று கேட்ட அக்காதான் இப்போது எந்தப் பூனை நொண்டினாலும் முதலில் வந்து சொல்கிறார்.

சரி, முதலில் இடம். கதவு மூடக்கூடிய ஒரு சின்ன அறை போதும், குளியலறைகூடப் போதும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் மணல், தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை வேண்டாம். கோடையில் நமக்கே உள்ளே நிற்க முடியாது, மயக்க மருந்து தெளியாத பூனைக்கு அது அடுப்பு.

அடுத்தது பிடிப்பது. வளர்ந்த தெருப்பூனையைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். அப்புறம் அந்த இடத்திலேயே பூனையைத் தூக்கிப்போகிற கதவு வைத்த கூடையைத் திறந்து வைத்து, கதவு ஆடாமல் கட்டிவிட்டு, சாப்பாட்டை நாளுக்கு நாள் உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள். பூனை கூடைக்குள் போய் நிம்மதியாகச் சாப்பிடும்வரை கதவைத் தொடாதீர்கள். பிடிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி சாப்பாடு கிடையாது. காலையில் நெத்திலிக் கருவாட்டு வாசம் காட்டினால் போதும், வந்துவிடும். அறுவைச் சிகிச்சை என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கருவாட்டிலும் துணுக்குதான். எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு அது குறைவு.

கூடை வாங்க முடியாதவர்கள் காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கயிற்றால் கட்டலாம். நான் கனத்த கொசுவலைத் துணியில் நாடா போட்ட பை தைத்து வைத்திருக்கிறேன். கூடையின் வாயில் பையை மாட்டிப் பூனையை அதற்குள் விட்டு நாடாவை இழுத்தால், வலைக்கு மேலேயே ஊசி போட்டுவிடலாம். யாருக்கும் கீறல் படாது. தையல் இரட்டையாக ஓடட்டும், ஒற்றைத் தையலைப் பூனை ஒரே உதையில் பிரித்துவிடும்.

கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். முதல் ஊசியோடு நிறுத்தக்கூடாது, சீட்டில் எழுதிய தேதியெல்லாம் போக வேண்டும். பூனைக்கடியிலும் ரேபிஸ் வரும்.

எங்கே போவது? எங்கள் பக்கத்துக்குத் தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைதான் வசதி. காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டில் உங்கள் பெயரைத்தான் எழுதுவார்கள், அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்தும் நீங்கள்தான் போட வேண்டும். "தெருவில் திரிகிற பூனை, யாருடையதும் இல்லை" என்று நின்றால் வேலை நடக்காது. பூனைக்கு ஒரு பெயரும் யோசித்துக்கொண்டு போங்கள், கேட்பார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் அவசரம் இல்லாத எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கூடையோடு நுழைய அந்த அழகரே வழிவிட்டால்தான் உண்டு. 1962 என்பது கால்நடை ஆம்புலன்ஸ் எண்; பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது. பெரிய எலும்பு முறிவு மாதிரி இங்கே முடியாதது எதுவும் இருந்தால் தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆட்டோ அண்ணனிடம் ஏறும் முன்பே பூனை என்று சொல்லிவிடுங்கள். கூடைக்குள் பழைய செய்தித்தாள், மேலே இருட்டுத் துணி. மருத்துவமனையில் நாய்கள் காத்திருக்கும், கூடையைத் தரையில் வைக்காமல் மடியில் வையுங்கள்.

டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "சார், இது தெருப்பூனை, தினமும் பிடித்து மருந்து கொடுக்க முடியாது." அதை வைத்துத்தான் வைத்தியமே மாறும். வேளைக்கு ஒரு மாத்திரைக்குப் பதிலாகச் சில நாள் தாங்குகிற ஊசி, சாப்பாட்டில் கலக்கிற மருந்து, பிரிக்கத் தேவையில்லாத கரையும் தையல் என்று அவர் யோசிப்பார். (நூல் தானாகக் கரைந்துபோவது என் தொழிலில் கெட்ட செய்தி, பூனைக்கு நல்லது.) சளிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால், அதைக் கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போக வேண்டும். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். சாப்பாடு, மூத்திரம், வாந்தி, இந்த மூன்றும் எப்போதிலிருந்து எப்படி என்று சொல்லத் தெரிந்திருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். நொண்டுவதையும் இருமுவதையும் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். அங்கே போனதும் பூனை பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும், ஒன்றும் தெரியாது.

மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாதவை சில. ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்து மூத்திரம் வராமல் இருந்தால் அடைப்பு, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, புண்ணில் புழு, மாடியிலிருந்து விழுந்தது, குட்டி வாந்தியெடுத்துத் துவண்டு கிடப்பது எல்லாம் அன்றைக்கே போக வேண்டியவை. அந்தக் குட்டிக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். அப்படியென்றால் அது கிடந்த இடத்தைக் கழுவி பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள், தடுப்பூசி போடாத வேறு குட்டியை மாதக்கணக்கில் அங்கே விடாதீர்கள். அந்தக் கிருமி ஒரு வருஷம்கூடத் தாங்கும்.

வீட்டு வைத்தியத்தில் நான் கறாராக இருப்பேன். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூடக் கொல்லும். காய்ச்சல் என்று டோலோவை உடைத்துக் கொடுக்காதீர்கள். டெட்டால், பினாயில், டர்பன்டைன் எதுவும் புண்ணில் படக்கூடாது, பூனை நக்கியே உள்ளே தள்ளிவிடும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். சலைன் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள், அவ்வளவுதான்.

காசும் தெம்பும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பெண் பூனைக்குக் கருத்தடை செய்வதில் செலவழியுங்கள். நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், சுமார் ஒன்பது வாரத்தில் ஈனும், பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். ஒன்றைச் செய்துவிட்டால் அடுத்த வருஷம் சந்தில் சாகப்போகிற குட்டிகள் பிறக்கவே பிறக்காது. பால் கொடுக்கும் தாயாக இருந்தால் குட்டிகள் சொந்தமாகச் சாப்பிடத் தொடங்கும்வரை பொறுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தெருக்காரர் அதையே மறுபடி பிடித்துக் கொண்டுபோவார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அன்றைக்கே போடலாமா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முழுதாகத் தெளியும்வரை கூடைக்குள்ளேயே இருக்கட்டும். நடை தள்ளாடாமல் வந்த பிறகுதான் சாப்பாடு, அதுவும் கொஞ்சம். ஆண் பூனையை ஓரிரு நாளில் விடலாம். பெண்ணைக் கூடுதலாகச் சில நாள் வைத்திருந்து, தையல் வாய் சிவக்கவில்லை, ஈரமில்லை என்று பார்த்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். புது இடத்தில் விட்டால் அங்குள்ள பூனைகள் அடித்துத் துரத்தும்.

ஒரு பழைய அளவு நோட்டில் பூனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்: நிறம், என்ன ஊசி, என்ன தேதி, எந்த டாக்டர். சீட்டையும் அதிலேயே ஒட்டிவிடுவேன். நான் ஊரில் இல்லாதபோது பக்கத்துக் கடைத் தம்பி அந்த நோட்டையும் கூடையையும் தூக்கிக்கொண்டு தல்லாகுளம் போய்விடுவான்.