துவங்கும்போதே அணைந்துபோகும் லேப்டாப்

லேப்டாப்பை ஆன் செய்தால் பாதியிலேயே அணைந்துவிடுகிறதா? உடனே விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவ உட்கார்ந்துவிடாதீர்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை, அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை, வரும் (சில நிறுவனங்களின் லேப்டாப்களில் விசை வேறாக இருக்கும்). எதையும் மாற்றாமல் 20 நிமிடம் அந்தத் திரையிலேயே விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸுக்கு வேலையே இல்லை. அங்கும் அணைந்தால் பேட்டரி, சார்ஜர், ராம் (நினைவகம்), சூடு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சார்ஜரைக் கழற்றி, பேட்டரி தனியாக வருமானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பேட்டரியை எடுத்த நிலையில் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் பேட்டரிதான் குற்றவாளி. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விசிறி சுழலும் சத்தமே இல்லாமல் அடிப்பகுதி கொதித்தால், அது சூட்டுப் பிரச்சினை. பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பொதுவாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; சூடு அதற்கும் மேல் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். காற்றடித்துத் தூசி நீக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் அதுவும் கெடும்.

பயாஸில் அணையாமல் நின்று, விண்டோஸ் வரும்போது மட்டும் அணைகிறதா? சேஃப் மோடில் (விண்டோஸ் மிக அவசியமானவற்றோடு மட்டும் இயங்கும் முறை) திறந்து, கடைசியாகப் போட்ட டிரைவரையோ (கருவிகளை இயக்கும் மென்பொருள்) அப்டேட்டையோ நீக்கிப் பாருங்கள்.