இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க

பெங்களூரில் மே மாத மழைக்கு மரக்கிளை முறிந்து கரண்ட் போனால்தான் பலருக்கு இன்வெர்ட்டர் ஞாபகமே வரும். அல்சூரில் எங்கள் வீட்டு முதல் பேட்டரி இரண்டே வருஷத்தில் போனதற்குக் காரணம் நான்தான்: டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்ததென்று போர்வெல் தண்ணீரை ஊற்றினேன். அதிலிருக்கும் உப்பு உள்ளே தகடுகளைக் கெடுத்துவிடும். ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மிதவையைப் பாருங்கள், இறங்கியிருந்தால் மேல் குறி வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள்.

முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மோதிரம் வளையலைக் கழற்றி வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, முதலில் நெகட்டிவ் வயரை எடுங்கள், அப்புறம் பாசிட்டிவ். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் புஸ்ஸென்று நுரைத்துக் கரைந்துவிடும்; மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. ஈரம் போகத் துடைத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மேலே கொஞ்சம் வாசலின்.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதனால் மூடிய அலமாரி வேண்டாம். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், சாமிதான் காப்பாற்றுகிறார் போல!

லோடு விஷயம்: 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி என்றால் மொத்தம் 1,800 வாட்-ஹவர். பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் குறையும், ஆக இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாவதையும் கணக்கில் வைத்து, 300 வாட் ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் நிறுத்துவது நல்லது. கீசர், அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள்.